கொடி காடாகிறது, காய் காணோம்: தாட்பூட் பழக் கேள்விகள்

பேஷன் ஃப்ரூட் என்று பழக்கடையில் விற்கிற தாட்பூட் பழம் பற்றி மதுரை, திண்டுக்கல் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பல கடிதங்கள் "என்ன உரம் போடலாம்?" என்றுதான் முடிகின்றன. பதில் பாதி இடங்களில் உரத்தில் இல்லை, கொடி வெட்டுகிற கத்தரியிலும் தண்ணீரிலும் வண்டிலும் இருக்கிறது.

கேள்வி: வீட்டு மாடிப் பந்தலில் 2 வருடக் கொடி. மஞ்சள் பழ ரகம், சித்தப்பா வீட்டுக் கொடியிலிருந்து வெட்டி வந்த குச்சி. பூ கொத்துக் கொத்தாக வருகிறது, மறுநாளே வாடி உதிர்ந்துவிடுகிறது. பொட்டாஷ் போட்டும் பார்த்துவிட்டேன். ஒரு காய்கூட நிற்கவில்லை. (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: பொட்டாஷை நிறுத்துங்கள். உங்கள் கொடிக்குப் பசி இல்லை, துணைதான் இல்லை.

தாட்பூட்டில் ஊதா, மஞ்சள் என இரண்டு இனம் உண்டு. மலைக்கு ஏற்ற ஊதாப் பழக் கொடி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். சமவெளி வெயிலைத் தாங்குகிற மஞ்சள் ரகம் அப்படியில்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு கொடியின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரே தாய்க்கொடியிலிருந்து 10 குச்சி வெட்டி நட்டாலும் அவை பத்தும் கணக்குக்கு ஒரே கொடிதான். சித்தப்பா வீட்டிலிருந்து இன்னொரு குச்சி கொண்டுவந்து பக்கத்தில் வைப்பதால் பயனில்லை. வேறு ஊர்க் கொடி ஒன்றின் குச்சியோ, விதையிலிருந்து வந்த 2 நாற்றோ வையுங்கள்.

அது வளர்ந்து பூக்கும்வரை, பக்கத்தில் யார் வீட்டிலாவது மஞ்சள் கொடி இருந்தால் அங்கிருந்து பூப் பறித்து வந்து கையால் சேர்க்கலாம். மஞ்சள் ரகப் பூ நண்பகல் 12, 1 மணிக்கு விரிந்து இரவில் மூடிவிடும். அதன் ஆயுள் அந்த ஒரு நாள்தான். விரிந்தவுடனே செய்யாதீர்கள். பூவின் உச்சியில் மூன்று கிளையாக நிற்கிற சூல்முடிகள் மெல்ல வளைந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு இறங்க ஒரு மணி நேரம்போல ஆகும். 2 மணியிலிருந்து 5 மணிக்குள் செய்வது நல்லது. கொண்டுவந்த பூவின் 5 மகரந்தப் பைகளையும் உங்கள் பூவின் சூல்முடிகளில் மூன்றிலும் மகரந்தத் தூள் ஒட்டுகிற மாதிரி தடவுங்கள். ஒன்றில் மட்டும் தடவினால் காய் நிற்கும், ஆனால் உள்ளே விதை குறைந்து பழம் பாதி காலியாக இருக்கும். சில பூக்களில் சூல்முடி கடைசிவரை வளையாமல் நட்டுக்குத்தாக நிற்கும். அவை காய்க்காது, விட்டுவிடுங்கள்.

தடவி 2 மணி நேரத்துக்குள் மழை பெய்தால் மகரந்தம் நனைந்து வெடித்துவிடும், வேலை வீண். காய் பிடித்ததா என்பது சில நாளில் பூவின் அடி உருண்டு பருப்பதில் தெரிந்துவிடும்.

தோட்டக்காரர்களுக்கு இந்த வேலையைக் கூலி இல்லாமல் செய்வது கருவண்டு: மூங்கிலையும் காய்ந்த கட்டையையும் துளைத்துக் குடியிருக்கும், ரீங்காரம் பெரிதாக உள்ள அந்தக் கருநீல வண்டு. தேனீ வந்தாலும் இந்தப் பூவுக்கு அதன் உடம்பு சிறியது. மகரந்தத்தை எடுத்துக்கொண்டு சூல்முடியில் முதுகு படாமலே போய்விடும். தோட்டத்து ஓரத்தில் காய்ந்த மூங்கில், மென்மரக் கட்டைகளை மழை படாத இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டு உத்தரத்தைத் துளைக்கிறது என்று அதை மருந்தடித்துக் கொல்பவர்கள் தாட்பூட் வைக்கவே வேண்டாம். பூக்கும் காலத்தில் வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் காலை 8 மணிக்குள் தெளித்து முடித்துவிட வேண்டும்.

கேள்வி: அரை ஏக்கரில் கல்தூண் நட்டுக் கம்பியில் ஏற்றியிருக்கிறேன். முதல் வருடம் காய்ப்பு அருமை. இரண்டாம் வருடம் கொடி நுனியில் மட்டும் காய், உள்ளே எல்லாம் காய்ந்த சருகு. ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்: ஒட்ட வெட்டச் சொல்கிறார் ஒருவர், தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். (அலங்காநல்லூர் வாசகர்)

பதில்: இருவர் சொல்வதும் பாதி சரி.

தாட்பூட் கொடி புதுத் தளிரில்தான் பூக்கும். தளிர் நீள நீள ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு பூ. ஒருமுறை பூத்த கணு மறுபடி பூக்காது. வெட்டாமல் விட்ட கொடியில் காய் வருடா வருடம் நுனிக்கு நகர்ந்துகொண்டே போவது இதனால்தான். உள்ளே நிழல் கட்டி இலை உதிர்கிறது, காற்றோட்டமில்லாத அந்தப் புதருக்குள் பூச்சியும் இலைப்புள்ளி நோயும் குடியேறுகின்றன. தொடவே கூடாது என்பவரின் பேச்சைக் கேட்டால் இதுதான் கதி.

ஒட்ட வெட்டச் சொல்கிறவர் மஞ்சள் ரகத்தின் குணம் தெரியாதவர். முற்றிச் சாம்பல் நிறமான தண்டில் மொட்டு விழித்துத் துளிர்ப்பது அரிது. முருங்கையைத் தறிப்பதுபோலத் தறித்தால் கொடி பட்டுப்போகவும் கூடும்.

கவாத்து, அதாவது கொடியை அளவாக வெட்டிவிடுவது, செய்ய முதலில் கொடியின் எலும்புக்கூடு எது என்று பாருங்கள். தரையிலிருந்து கம்பிவரை ஒரே தண்டு. கம்பியில் இரு பக்கமும் ஓடுகிற 2 கைகள். இரட்டைக் கம்பியானால் 4 கைகள். இவற்றில் கத்தரி படவே கூடாது. கைகளிலிருந்து திரைச்சீலை மாதிரி கீழே தொங்குகிற பக்கக் கொடிகள்தான் காய்ப்பவை, வெட்டப்பட வேண்டியவையும் அவைதான். காய்த்து முடிந்த பக்கக் கொடியைக் கையிலிருந்து 4, 5 கணு விட்டு வெட்டுங்கள். மஞ்சள் ரகமானால் ஒன்றேகால் அடி விட்டுவிடுவது பத்திரம். விடுகிற துண்டில் பச்சை இலையோ உயிருள்ள மொட்டோ இருக்கிறதா என்று பார்த்து, அதைத் தாண்டி நுனிப் பக்கம்தான் கத்தரி. மொத்தக் கொடியையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, வெட்டியது துளிர்த்த பிறகு மீதியை எடுங்கள். இலை இருந்தால்தான் வேருக்குச் சாப்பாடு.

வெட்டிய துண்டை உடனே இழுத்தால் பற்றுக்கம்பிகள் சுற்றிக்கொண்டு நல்ல தளிரையும் சேர்த்துப் பிய்க்கும். அப்படியே தொங்க விட்டு 3, 4 நாள் கழித்து, வாடித் தளர்ந்த பின் உருவுங்கள். நுனிகள் தரையைத் தொடாமல் ஒரு அடி உயரத்தில் நிற்கும்படி வெட்டிவிடுங்கள். தரை தொட்ட கொடி வழியாகத்தான் எறும்பும் நோயும் ஏறும். அடித்தண்டில் கம்பிக்குக் கீழே முளைக்கிற போத்துகளைக் கையாலேயே கிள்ளிவிடலாம்.

கத்தரி விஷயத்தில் சோம்பல் கூடாது. இலை சுருண்டு தேமல் படர்ந்து, காய் கட்டை மாதிரி இறுகி, தோல் தடித்து, உள்ளே சாறே இல்லாமல் ஒரு கொடி இருந்தால் அது நச்சுயிரி (வைரஸ்) நோய். அசுவினி பரப்பும், கத்தரியும் பரப்பும். மருந்து கிடையாது. அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, மற்றவற்றைத் தொடும்முன் கத்தரியைப் பிளீச்சிங் கரைசலில் முக்கித் துடையுங்கள். உண்மையில் ஒவ்வொரு கொடிக்கும் இடையில் இதைச் செய்வதுதான் முறை.

எப்போது வெட்டுவது என்பதில்தான் நம் சீமைக்குத் தனிக் கணக்கு. வெட்டியதிலிருந்து தளிர் நீண்டு பூ எடுக்க ஏறக்குறைய 2 மாதம் ஆகும். பூவிலிருந்து பழத்துக்கு 60 முதல் 80 நாள். சித்திரை, வைகாசி வெயிலில் பூ கருகும், காய் பிடிக்காது. ஐப்பசி மழையோ சரியாகப் பூ விரிந்திருக்கும் பிற்பகலில்தான் கொட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே பூ வர வேண்டும். ஆடித் தொடக்கத்தில் பெரிய கவாத்து செய்தால் பூ புரட்டாசியில் வரும், பழம் கார்த்திகை, மார்கழியில். பழம் எடுத்து முடித்து மார்கழிக் கடைசியில் லேசான கவாத்து. அதன் பூ மாசியில் வந்து, வெயில் ஏறுவதற்குள் காய் பிடித்துவிடும். பங்குனிக்குமேல் கத்தரியை எடுக்காதீர்கள். இலைக்கூரை போன கொடியின் தண்டு வெயிலில் வெந்து வெடிக்கும். தண்ணீர் தட்டுப்பாடான வருடத்தில் ஆடிக் கவாத்தையும் ஒரு மழை வரும்வரை தள்ளிப்போடுவதே சரி. வெட்டுவதற்கு 2 நாள் முன்பே நல்ல பாய்ச்சல் இருக்க வேண்டும்.

கேள்வி: கவாத்துக்குப் பிறகு எந்த உரம், எத்தனை கிராம், எத்தனை தடவை? செம்மண் பூமி, சொட்டுநீர் இருக்கிறது. (மேலூர் வாசகர்)

பதில்: காய்க்கிற வயதுக் கொடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 100 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50 கிராம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக் கணக்கில் அது யூரியா 215 கிராம், சூப்பர் பாஸ்பேட் 310 கிராம், பொட்டாஷ் 170 கிராம். கூடவே நன்கு மட்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோ. முதல் வருடக் கொடிக்கு ரசாயன உரம் இதில் பாதி போதும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் மண்ணைப் பரிசோதித்து வாங்கியிருந்தால் அந்தச் சீட்டில் உள்ளபடி இந்த அளவை ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

வெட்டிய அன்றே யூரியாவைப் போடாதீர்கள். எடுத்துக்கொள்ள இலை இல்லை. பாதி ஆவியாகும், பாதி கீழே இறங்கும். மொட்டு விழித்துப் பச்சை தெரிந்ததும், அதாவது 10, 15 நாள் கழித்து, தொழு உரம், புண்ணாக்கு, சூப்பர் பாஸ்பேட் முழுவதும், யூரியா 60, பொட்டாஷ் 30 கிராம். பூமொட்டு தெரிகிற ஆவணிக் கடைசியில் யூரியா 40, பொட்டாஷ் 40. காய் பருக்கும்போது யூரியாவை 20 கிராமாகக் குறைத்து, பொட்டாஷை 40லேயே வையுங்கள். மார்கழிக் கவாத்து துளிர்த்த பின் யூரியா 60, பொட்டாஷ் 25. பங்குனிக் காய்க்கு இரண்டும் 35, 35. ஐந்து தவணையையும் கூட்டிப் பார்த்தால் மேலே சொன்ன கணக்கு வரும். சொட்டுநீரில் விடுகிறவர்கள் யூரியாவையும் பொட்டாஷையும் வாரத் தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். பொட்டாஷுக்கு வெள்ளைப் பொட்டாஷ் வாங்குங்கள், சிவப்பில் உள்ள கசடு குழாயை அடைக்கும். சூப்பர் பாஸ்பேட் சரியாகக் கரையாது, அதை மண்ணில்தான் போட வேண்டும்.

போடுகிற இடமும் முக்கியம். வேர் மேலாகவே படர்கிற பயிர் இது. தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகத் தூவி, மண்வெட்டியால் கொத்தாமல், கையால் லேசாகக் கிளறி மூடி, உடனே தண்ணீர் விடுங்கள். தண்டை ஒட்டிக் குவித்த உரம் பட்டையைச் சுடும், அந்தப் புண் வழியாக அழுகல் நுழையும். மேலே கரும்புச் சோகையை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் வெறுமையாக விடுங்கள்.

பூமொட்டுக் காலத்தில் லிட்டருக்கு 1 கிராம் போராக்ஸ் கரைத்து இலையில் ஒரு தெளிப்பு, 15 நாள் கழித்து இன்னொன்று. மகரந்தம் முளைத்துக் காய் பிடிக்கப் போரான் உதவும். ஆனால் கூடிப்போனால் இலை ஓரம் கருகும். கிராம் தராசு இல்லாமல் கைக்கணக்கில் போராக்ஸ் போடக் கூடாது.

கேள்வி: யூரியா வேண்டாம், இயற்கை முறையில்தான் செய்கிறேன். சாம்பல் போடலாமா? (நத்தம் வாசகர்)

பதில்: உங்கள் மண்ணின் கார அமில நிலை 7-க்கு மேல் இருந்தால் சாம்பல் வேண்டாம். சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றும். தொழு உரத்தை ஆடிக்கும் தைக்கும் 10 கிலோவாக இரு முறை கொடுத்து, ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்தால் தழைச்சத்து ஏறக்குறைய நிறைந்துவிடும். பஞ்சகவ்யம் 100 லிட்டருக்கு 3 லிட்டர், தளிர்ப் பருவத்தில் 15 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். அது தொழு உரத்துக்கு மாற்று ஆகாது.

கேள்வி: கரிசல் கலந்த பூமி, போர் தண்ணீர். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. முற்றிய இலை ஓரம் கருகவும் செய்கிறது. (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்திருக்கின்றன. கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. முற்றிய இலையில் நரம்புக்கு நடுவே வெளுத்திருந்தால் அது மக்னீசியக் குறை. தழைச்சத்துக் குறையில் அடி இலை முழுதாக, நரம்போடு சேர்ந்து மஞ்சளாகும். எந்த இலையில் தொடங்கியது என்று பார்க்காமல் யூரியாவைக் கொட்டுவதால் உரக்கடைக்குத்தான் லாபம்.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. பெரஸ் சல்பேட்டை மண்ணில் போட்டாலும் அதே கதிதான், அதனால் இலைவழி கொடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம். அமிலத்தை முதலில் கரைத்துவிட்டுப் பிறகு உப்பைப் போடுங்கள். மாலை வெயில் தாழ்ந்த பின், 10 நாள் இடைவெளியில் 3 முறை. கரைசல் பழுப்பேறிவிட்டால் கெட்டுப்போனது என்று பொருள், ஊற்றிவிடுங்கள்.

ஓரம் கருகுவது சாம்பல்சத்துக் குறையாலும் வரும், உவர்த் தண்ணீராலும் வரும். தாட்பூட் உப்பு தாங்காத பயிர், முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். உப்பு என்று தெரிந்தால் சாதாரணப் பொட்டாஷில் உள்ள குளோரைடு இன்னும் கெடுக்கும், சல்பேட் ஆப் பொட்டாஷுக்கு மாறுங்கள். அதில் சாம்பல்சத்து 50 சதவீதம் என்பதால் 170 கிராமுக்குப் பதில் 200 கிராம். கோடையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற தண்ணீர் உப்பை வேர் மட்டத்திலேயே படிய வைக்கும். அவ்வப்போது ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சி உப்பைக் கீழே தள்ளிவிடுங்கள். தண்ணீர் மிகவும் உவர்ப்பென்றால், வேறு பயிர் பார்ப்பது உத்தமம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: கொடி வளர்ச்சி அபாரம், 8 மாதமாகிறது, ஒரு பூகூட இல்லை. மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால், வேப்பமர நிழலில் இருக்கிறது. (திருமங்கலம் வாசகர்)

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். தொழுவத்துக் கழிவுநீர் மூலம் தழைச்சத்து அளவுக்கு மீறிப் போகிறது, வெயில் குறைவு. வேம்பின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள், கழிவுநீரை வேறு பக்கம் திருப்புங்கள், பொட்டாஷ் மட்டும் 40 கிராம் கொடுங்கள். கொடிக்கு வயதும் இன்னும் மிஞ்சிவிடவில்லை. முதல் பூவுக்கு 8 முதல் 10 மாதம் ஆவது வழக்கம், முழு விளைச்சல் ஒன்றரை வருடத்தில்தான்.

கேள்வி: ஊதா ரகம், 3 வருடக் கொடிகள். மழைக்காலத்தில் நன்றாக இருந்த கொடி ஒரே வாரத்தில் வாடி நிற்கிறது. அடித்தண்டைக் கீறினால் பழுப்பு நிறம். உரம் கூட்டினால் பிழைக்குமா? (தாண்டிக்குடி வாசகர்)

பதில்: பிழைக்காது. வாடல் அல்லது தண்டழுகல், இரண்டுமே மண்ணில் உள்ள பூசணம். வேரே வேலை செய்யாத கொடிக்கு உரம் போடுவது மண்ணுக்குத்தான் போகும். வாடிய கொடியை எடுத்துவிட்டு அந்தக் குழியில் மறுபடி தாட்பூட் வைக்காதீர்கள்.

மற்ற கொடிகளைக் காப்பாற்ற, அடியில் மண் அணைத்து மேடாக்கி, தண்ணீர் தேங்காமல் சரிவுப் பக்கம் வாய்க்கால் விடுங்கள். தண்டில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குப் போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளி போதும். அன்றன்றைக்குக் கலந்து அன்றே பூசிவிட வேண்டும்.

புதிதாக வைக்கும்போது மஞ்சள் ரக நாற்றின் மேல் ஒட்டிய ஊதாக் கன்று வாங்குங்கள். மஞ்சள் ரக வேர் வாடல் நோயையும் நூற்புழுவையும் வெகுவாகத் தாங்கும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும், மேடாக்க அணைக்கிற மண்ணும் அதைத் தொடக் கூடாது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது எல்லாம் மஞ்சள் கொடி. விட்டால் மேலே உள்ளதை மூடிவிடும். ஊதாவும் மஞ்சளும் கலந்து கர்நாடகத்தின் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய காவேரி ரகத்தையும் யோசிக்கலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கன்று வாங்கும் முன் ஒரு நடை போய்க் கேளுங்கள்.

கேள்வி: பழத்தைப் பறிக்கலாமா, விழட்டும் என்று விடலாமா? (சிறுமலை வாசகர்)

பதில்: வீட்டுக்கானால் விழட்டும், பழுத்தது தானே விழும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பொறுக்கிவிடுங்கள். தரையில் கிடந்தால் வெயில் சுடும், எறும்பு துளைக்கும். மாட்டுத்தாவணிச் சந்தைக்கோ வெளியூருக்கோ அனுப்புவதானால் நிறம் முக்கால்வாசி மாறியதும் காம்போடு வெட்டுங்கள். முழுப் பச்சையில் பறித்தது நிறம் மாறினாலும் இனிப்பு ஏறாது.